தேன்மொழிக்கு அப்பா எழுதுவது

சுங்கை சிப்புட்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீ சுகமா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, பசியாறாமல் வேலைக்கு ஓடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். வாட்ஸ்அப்பில் நான் பத்து வரி எழுதினால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்புகிறாய். போன் எடுத்தால் அம்மா கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறாள். சின்னம்மா வீட்டுக் கல்யாணத்துச் சாப்பாட்டில் ஆரம்பித்து, பக்கத்து வீட்டு ஆ மோயின் சர்க்கரை வியாதிக்கு வந்து, அவள் முடிக்கும்போது உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. எனக்கு மிஞ்சுவது "சரிப்பா, வைக்கிறேன்பா" மட்டும். கடிதம் என்றால் யாரும் குறுக்கே வர முடியாது, நீயும் உடனே ஏதாவது சொல்லித் தப்பிக்க வேண்டியதில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. போன மாதம் விடாமல் மழை. சமையலறைப் பக்கம் ஒழுகி, தம்பி ஷா ஆலாமிலிருந்து வந்து தகரத்தை மாற்றிக் கொடுத்தான். என்னிடம் ஒரு வெள்ளி வாங்கவில்லை. பின்னால் நிற்கும் ரம்புத்தான் இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது, பாதி குரங்குக்கு. நம் பழைய எஸ்டேட் லயம் இருந்த இடத்தில் தாமான் வீடுகள் கட்டிச் சாவியும் கொடுத்துவிட்டார்கள். மேட்டில் ரப்பர் பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. பால் ஸ்டோரில் சுவர் மட்டும் நிற்கிறது. இதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, ஆனால் மனசு இப்போது அதில் நிற்கவில்லை.

நீ ஜெர்மனியிலிருந்து அனுப்பின ஆகன் ஊர் பிரிண்டன் பிஸ்கட் வந்து சேர்ந்தது. என் பல்லுக்கு அது சரிப்படவில்லை. பால் விடாத தே-ஓவில் நனைத்துத் தின்றேன், ருசி பரவாயில்லை. அம்மா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு மீதியை ஆ மோய்க்குக் கொடுத்தாள். அவள் மறுநாளே ஒரு டப்பா கடலை உருண்டை கொண்டு வந்தாள். ஆகவே லாபம்தான்.

உன் காண்ட்ராக்ட் செப்டம்பரில் முடிகிறது என்று போன வருஷம் நீயேதான் சொன்னாய். நான் அதைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அங்கே டாக்டர் பட்டம் வாங்கினபின் தற்காலிக வேலையில் ஆறு வருஷத்துக்கு மேல் வைத்திருக்கச் சட்டம் இடம் தராது என்று நீ ஒருமுறை விளக்கினது நினைவிருக்கிறது. எஸ்டேட்டில்கூட எங்களுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. ஆறு வருஷம் ஒருவர் ஒழுங்காக வேலை செய்தால் நிரந்தரமாக்குவார்கள் என்றுதான் எங்களுக்குத் தெரியும், வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று தெரியாது. சரி, அந்த ஊர் நியாயம் நமக்கெதற்கு. ராத்திரி ரொம்ப நேரம் விழித்திருக்காதே. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ரிட்டயர் ஆனபின் பொழுது போகாமல் உன் கணிதத் துறையைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன். முக்கால்வாசி புரிவதில்லை. கணக்கைத் தாண்டிப் போய், அதைப் போட்ட ஆட்களின் கதையைப் படிக்கிறேன். அது நன்றாகப் புரிகிறது. எஸ்டேட் ஆபிஸ் சமாச்சாரம்போலத்தான் இருக்கிறது, யார் எந்தப் பட்டியலை முடித்தது, யார் முடிக்காமல் போட்டுவிட்டுப் போனது.

அந்த சிம்பிள் குரூப் பட்டியலையே எடுத்துக்கொள். குரூப் என்றால், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தாலும் அதற்குள்ளேயே அடங்கும் மாற்றங்களின் தொகுப்பு என்று நான் புரிந்துவைத்திருக்கிறேன். எண்களுக்குப் பகா எண் எப்படியோ, முடிவுள்ள குரூப்புகளுக்கு சிம்பிள் குரூப் அப்படி, அதற்கு மேல் உடைக்க முடியாது என்று நீ சொன்னதை வைத்துக்கொண்டு படிக்கிறேன். வரிசை வரிசையாகப் போகும் குடும்பங்கள் ஒரு பக்கம், எந்த வரிசையிலும் சேராத 26 தனி உருப்படிகள் ஒரு பக்கம். அதில் மான்ஸ்டர் என்று ஒன்று, அதன் உறுப்புகளை எண்ணினால் 54 இலக்கம் வருகிறது. பட்டியல் முழுமை என்று நிரூபிக்க நூறு பேர் அளவில் சேர்ந்து, பத்தாயிரம் பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறார்கள். ஒற்றைப்படை அளவு குரூப்புகளைப் பற்றி 1963-ல் ஃபைட்டும் தாம்ஸனும் எழுதின ஒரு கட்டுரை மட்டுமே 255 பக்கமாம். பத்திரிகையின் அந்த இதழ் முழுக்க அதுவேதான்.

1983-ல் கோரன்ஸ்டைன் வேலை முடிந்தது என்று அறிவித்துவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். பார்த்தால் முடியவில்லை. குவாசிதின் என்று ஒரு பகுதி, அதை ஒருவர் எண்ணூறு பக்கம் எழுதி அச்சிடாமலே விட்டிருக்கிறார், அதில் ஓட்டையும் இருந்திருக்கிறது. கோரன்ஸ்டைன் 1992-ல் கண்ணை மூடிவிட்டார். அஷ்பாக்கரும் ஸ்மித்தும் அந்தப் பகுதியை முதலிலிருந்து எழுதி 2004-ல்தான் வெளியிட்டார்கள், இரண்டு புத்தகம், சுமார் 1,200 பக்கம். அறிவித்ததற்கும் அடைத்ததற்கும் நடுவே 21 வருஷம். அந்த 21 வருஷமும் யாரும் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடவில்லை. அந்தப் பட்டியலை நம்பித்தான் எல்லாரும் மேலே மேலே எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் இதைப் பொதுவாகச் சொல்கிறேன்.

அப்புறம் 1024 கணக்கு. நீ டாக்டர் படிப்பில் சேர்ந்த வருஷம் வீட்டுக்கு வந்தபோது, 1024 உறுப்புகள் உள்ள குரூப் எத்தனை இருக்கிறது தெரியுமா அப்பா என்று கேட்டாய். ஒரு நூறு இருக்குமா என்றேன். நீ சிரித்த சிரிப்பில் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். 2000 உறுப்பு வரைக்கும் உள்ள எல்லா குரூப்பையும் எண்ணினால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அந்த 1024-இல் மட்டுமே இருக்கிறது என்றாய். ஏன் என்றேன். 1024 என்பது 2-ஐப் பத்து முறை பெருக்கினது, அதனால்தான், 2 எப்போதும் தகராறுப்பா என்றாய். நான் அந்த எண்ணைப் பழைய டைரியில் எழுதி வைத்திருந்தேன். 49,487,365,422.

போன வாரம் மறுபடி தேடிப் பார்த்தால் வேறு எண் வருகிறது. 49,487,367,289. நான் தப்பாக எழுதிக்கொண்டேனோ என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். நான் எழுதினது சரி. 2001-ல் மூன்று கணித அறிஞர்கள் வெளியிட்ட கட்டுரையில் இருந்த எண்தான் அது. இருபது வருஷம் கழித்து வேறொருவர் சரிபார்த்துத் திருத்தியிருக்கிறார். வித்தியாசம் 1,867. உடனே என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். 1, 8, 6, 7 கூட்டினால் 22. ஒன்பதால் வகுபடவில்லை. ஆகவே இடம் மாறின பிழை இல்லை. அதோடு என் ஆராய்ச்சி முடிந்தது.

இருபது வருஷமாக உலகம் முழுக்க அந்தத் தப்பான எண்ணைத்தான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. எண்ணின மூன்று பேருடைய மரியாதை குறைந்ததா? இல்லை. இன்றைக்கும் அந்தக் கட்டுரையைத்தான் எல்லாரும் காட்டுகிறார்கள். இதையும் பொதுவாகத்தான் சொல்கிறேன்.

அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன இவ்வளவு எழுதுறீங்க, புள்ளைக்கா, பேங்குக்கா" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். மாப்பிள்ளை விஷயத்தை எழுதச் சொன்னாள். தைப்பிங்கில் ஒரு பையன், பொறியியலாளன், உயரம். எழுதிவிட்டேன். இதற்கு மேல் அதில் எனக்கு வேலை இல்லை.

நேராகவே சொல்லிவிடுகிறேன் பாப்பா. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் உன் பெயரைத் தட்டி, நீங்கள் கட்டுரைகளைப் போட்டுவைக்கும் அந்த ஆர்க்கைவ் பக்கத்தைப் பார்ப்பது உனக்குத் தெரியாது. புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பேன், தலைப்பை வாசிப்பேன், மூடிவிடுவேன். அப்படிப் பார்த்தபோதுதான் போன வருஷம் நீ போட்ட பெரிய கட்டுரைக்குக் கீழே அந்த ஒரு வரி. லெம்மா 4.3 இல் பிழை இருப்பதால் ஆசிரியரால் திரும்பப் பெறப்படுகிறது. தேதியைப் பார்த்தேன். அது அம்மா பிறந்தநாளுக்கு மறுநாள். பிறந்தநாளன்று நீ வீடியோவில் வந்து கேக்கைக் காட்டச் சொல்லி, சிரித்து, தம்பியைக் கிண்டல் பண்ணிவிட்டுப் போனாய். அப்போதே உனக்குத் தெரிந்திருக்கும். எங்களிடம் ஒரு வார்த்தை இல்லை.

லெம்மா என்றால் என்ன என்று எனக்குப் புரியாது என்று நினைத்தாயா? புரியாதுதான். பிழை என்றால் என்ன என்று புரியும். முப்பது வருஷத்துக்கு மேல் எஸ்டேட் ஆபிஸில் செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேடு எழுதினவன் நான்.

நீ இரண்டாம் வகுப்பில் இருந்தாய். மாசக் கடைசியில் சம்பளப் பட்டியல் போடும் இரவுகளில் என் மேசைக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாய். மண்டோர் கொண்டுவந்த சீட்டுகள், கூட்டுறவுக் கடையில் பிடித்தம் செய்ய வேண்டிய பற்று, யூனியன் சந்தா, எல்லாம் ஒரு கம்பியில் குத்தியிருக்கும். ஒருநாள் மொத்தம் 63 வெள்ளி உதைத்தது. ஒன்பதால் வகுத்துப் பார் என்றேன். வகுபட்டது. அப்படியானால் எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது, பட்டியல் முழுக்கத் தேடு என்றேன். எனக்குப் பழைய பெரிய கிராணி சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். நீ கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாய். அப்புறம், "முழுசும் தேட வேண்டாம்பா, ரெண்டு நம்பருக்கும் நடுவுல ஏழு வித்தியாசம் இருக்கிறத மட்டும் பாருங்க" என்றாய். 18, 29, 70 என்று விரலை ஓட்டிக்கொண்டே போய் நிறுத்தினாய். கடைச் சீட்டில் 29. என் பட்டியலில் 92. ஒன்பதால் வகுத்து வரும் ஈவுதான் இலக்கங்களின் வித்தியாசம் என்பதை நான் அத்தனை வருஷமாகக் கவனித்ததே இல்லை. பெரிய கிராணியும் கவனித்ததில்லை. மறுநாள் ஆபிஸில் அவரிடம் சொன்னேன். அவர் ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, "யாரய்யா சொன்னது" என்றார். நான் உன் பெயரைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. நீ இன்றைக்கு வரைக்கும் எழுதின எந்தக் கட்டுரையை விடவும் அது எனக்குப் பெரியது, கோபித்துக்கொள்ளாதே.

சரி, நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்தது. 92-ஐ நீ அழிக்கப் போனாய். நான் கையைப் பிடித்தேன். கணக்குப் புத்தகத்தில் அழிக்கக்கூடாது. சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு, பழைய எண் கீழே தெரிய வேண்டும். மேலே சரியான எண். பக்கத்தில் கோடு போட்டவனின் சுருக்கொப்பம். ஏன் என்று கேட்டாய். அழித்திருந்தால் ஆடிட்டர் திருட்டு என்பார், கோடு போட்டிருந்தால் பிழை என்பார் என்றேன். உனக்கு அது பிடித்துப்போய், பள்ளிக்கூட நோட்டில்கூட அழிப்பானைத் தொடாமல் கோடு போட்டுத் "தே" என்று ஒப்பம் வைத்துக் கொடுத்தாய். டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

ஆர்க்கைவில் நீ செய்திருப்பது அதுதான். முதல் பதிப்பு அங்கேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். நான் திறந்து பார்த்தேன், பக்கங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கூடவே ஒரு வரி, எந்த இடத்தில் தப்பு என்று, உன் பெயரோடு. பிழையை யார் கண்டுபிடித்தது என்று எழுதவில்லை. நீயே என்றால் சந்தோஷம். வேறு யாரோ என்றாலும் கோடு போட்டது உன் கை.

இதை வைத்துக்கொண்டுதான் செப்டம்பர் சமாச்சாரத்தையும் யோசிக்கிறேன். வேலைக்கு விண்ணப்பித்த இடங்களில் அந்தக் கட்டுரையைத்தான் முதலில் போட்டிருப்பாய். இப்போது அதைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். அதனால்தான் உன் குரல் அப்படி இருக்கிறது. இல்லை, குளிர் காய்ச்சல் என்று நீ சொன்னால் நம்புகிறேன். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போ. ராத்திரி விழிக்காதே.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கால்வா என்று உங்கள் ஆள் ஒருவன் இருந்தானே, 1832-ல் துப்பாக்கிச் சண்டைக்குப் போய் இருபது வயதில் செத்தவன். விடிந்தால் சண்டை, அந்த இரவிலும் உட்கார்ந்து நண்பனுக்கு நீளமாகக் கடிதம் எழுதினான். தன் கட்டுரையின் ஓரத்தில், இந்த நிரூபணத்தில் இன்னும் சேர்க்க வேண்டியது இருக்கிறது, எனக்கு நேரமில்லை என்று குறித்து வைத்தான். சாகப் போகிறவனுக்குக்கூட எழுத நேரம் இருந்தது. உனக்குப் பெற்றவர்களுக்கு ஒரு வரி எழுத நேரமில்லை. போன தீபாவளிக்கும் வரவில்லை, அதற்கு முந்தின தீபாவளிக்கும் வரவில்லை. அம்மா முறுக்கு சுட்டு டின்னில் போட்டு வைத்து, பொங்கல் தாண்டினபிறகு எடுத்து எல்லாருக்கும் கொடுத்தாள். நான் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கல்யாண வீட்டில் பாகான் சிராய் மாமா வழக்கம்போல ஆரம்பித்தார். "மச்சான், பொண்ணு படிக்கிறது என்ன பிரயோஜனத்துக்கு? டாக்டர்ங்கிறீங்க, ஊசி போட மாட்டேங்குது." முன்பெல்லாம் நான் சிரித்துவிட்டுப் பந்திக்குப் போய்விடுவேன். இந்த முறை விடவில்லை. மாத்யூ என்று ஒரு பிரெஞ்சுக்காரர் 1861-லும் 1873-லுமாக ஐந்து குரூப்புகளைக் கண்டுபிடித்தார், அந்த 26-இல் அவைதான் முதலில் வந்தவை, அதில் பெரியது 24 பொருள்களை இடம் மாற்றி மாற்றி வைப்பது என்று ஆரம்பித்தேன். மாமா கையைக் கழுவப் போனார், பின்னாலேயே போனேன். வாயேஜர் விண்கலம் 1979-ல் வியாழன் கிரகத்தையும் அடுத்த இரண்டு வருஷத்தில் சனியையும் வண்ணப்படம் எடுத்து அனுப்பினபோது, 12 பிட் செய்தியை 24 பிட்டாக மாற்றி அனுப்பினார்கள். வழியில் எந்த மூன்று பிட் கெட்டாலும் இங்கே பூமியில் அதைத் திருத்திக்கொள்ளலாம். அந்த ஏற்பாட்டுக்குக் கோலே கோட் என்று பெயர். அதற்குள் ஒளிந்திருப்பது அந்த மாத்யூ குரூப்தான். நூறு வருஷத்துக்கு முன்னே அதை எழுதினவரிடம் யாராவது பிரயோஜனம் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் மாமா என்றேன். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "அப்ப நம்ம பொண்ணு ராக்கெட்டுலயா வேல செய்யுது?" என்றார். இப்போது பாகான் சிராய் முழுக்க நீ ராக்கெட்டில் வேலை செய்கிறாய். யாராவது கேட்டால் மறுத்துவிடாதே, பாவம் அவர்.

உன் கட்டுரையின் முதல் பக்கத்தை நான் போட்டோஸ்டாட் கடையில் பெரிதாக எடுத்துச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருப்பது உனக்குத் தெரியும். உன் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் முதலில் கேட்டது, "அப்ப அத எறக்கிடணுமா?" இறக்கவில்லை. இறக்கப் போவதுமில்லை. தம்பியிடம் மட்டும் சொல்லவில்லை. நீயே சொல்லிக்கொள்.

காசு விஷயம். பி.டி.பி.டி.என். படிப்புக் கடனை நான் மாதாமாதம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், அதை நீ பார்க்காதே. என் சேமநிதியில் தொடாமல் வைத்தது கொஞ்சம் இருக்கிறது. செப்டம்பருக்கு அப்புறம் சம்பளமில்லாமல் அங்கேயே சில மாதம் இருந்து வேலை தேட வேண்டுமானால் சொல். வாடகைக்கு அனுப்புகிறேன். விசா அதற்கு இடம் தருமா என்று விசாரித்துக்கொள். இங்கே வந்து இருந்து எழுத வேண்டுமானால் உன் அறை அப்படியே இருக்கிறது, மேசையில் அம்மாவின் தையல் மெஷின் இருக்கிறது, ஒரே நாளில் எடுத்துவிடலாம். கம்பாரில் யூ.டி.ஏ.ஆர். பல்கலைக்கழகம் இருக்கிறது, இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம். பினாங்கில் உன் பழைய யூ.எஸ்.எம். இருக்கிறது. சும்மா சொன்னேன். திரும்பி வா என்று நான் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. நீ என்ன முடிவு செய்தாலும் எனக்கு வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் அனுப்பாதே, வாயால் சொல்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள். ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் நான் மட்டும்தான் வீட்டில். உனக்கு அப்போது மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று. சாப்பிட்டுக்கொண்டே பேசலாம். சாப்பிட்டாயா இல்லையா என்பதையும் நான் நேரில் பார்த்துக்கொள்வேன்.

நெத்திலிக் கருவாடு அனுப்பச் சொன்னாயே, தபாலில் வாங்க மாட்டேன் என்கிறார்கள். மசாலாத் தூள் மட்டும் அனுப்புகிறேன். அம்மா இரண்டு கிலோ அரைத்திருக்கிறாள். அவ்வளவும் தனியாக எப்படித் தீர்ப்பாய் என்று கேட்டதற்கு, கூட வேலை செய்கிற வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் கொடுக்கட்டும் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: அறியாமல் கேட்கிறேன். அந்த லெம்மாவைப் பார்த்தேன், அதில் எந்தப் பகா எண்ணாகவும் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். தகராறு உன் வழக்கமான 2-இல் மட்டும்தானா, அல்லது 3-க்கும் விழுகிறதா? 2-இல் மட்டும் என்றால், 2-ஐ நீக்கிவிட்டு மற்றவற்றுக்கு என்று எழுதினால் கட்டுரை நிற்காதா? இதை நீ யோசிக்காமல் இருந்திருக்க மாட்டாய். ஏன் முடியாது என்று வெள்ளிக்கிழமை எனக்குப் புரிகிற மாதிரி சொல். தாளும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.